இரண்டு சாக்கெட் மதர்போர்டுக்குப் பொருந்தும் ப்ராசஸரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெங்களூரு நிறுவனங்கள் கழித்துவிடும் ஒர்க்ஸ்டேஷன்களும் சர்வர்களும் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரிக்கும் வந்து சேர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சிப்காட்டைச் சுற்றியுள்ள டூல் ரூம்களில் டை வரைபவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள், வீட்டு எலிவேஷனை ரெண்டர் செய்து தரும் இன்ஜினியர்கள், செட்டிக்கரை, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் எனப் பலரும் இவற்றை வாங்குகிறார்கள். இத்தகைய இயந்திரங்களில் கணிசமானவை, ப்ராசஸர் அமரும் சாக்கெட் இரண்டு உள்ள மதர்போர்டில், ஒரே ஒரு ப்ராசஸரோடு வருகின்றன. காலியாகக் கிடக்கும் இரண்டாவது சாக்கெட்டைப் பார்த்தவுடன் அதையும் நிரப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. பெங்களூரு எஸ்பி ரோட்டிலோ இணையத்திலோ இன்டெலின் பழைய ஜியான் (சர்வர், ஒர்க்ஸ்டேஷன் வகை) ப்ராசஸர்கள் மலிவாகக் கிடைப்பதால் அந்த எண்ணம் உடனே செயலாகவும் மாறிவிடுகிறது.

"சாக்கெட் ஒண்ணுதானேண்ணா, வாங்கிப் போட்டா ஓடாதா?" என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: சாக்கெட்டில் உட்காருவது வேறு, போர்டு அதை ஏற்றுக்கொள்வது வேறு, இரண்டு ப்ராசஸர்கள் ஒன்றோடொன்று பேசுவது இன்னும் வேறு. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு ப்ராசஸரிலிருந்து அல்ல, மதர்போர்டிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், இரண்டாவது ப்ராசஸர் தேவைதானா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளெண்டர், வி-ரே போன்றவற்றில் ப்ராசஸரை வைத்து ரெண்டர் செய்பவர்களுக்கும், ஒரே இயந்திரத்தில் பல வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுபவர்களுக்கும், சிமுலேஷன் செய்பவர்களுக்கும் இரண்டாவது ப்ராசஸரால் உண்மையான பயன் உண்டு. ஆனால் சாலிட்ஒர்க்ஸ் போன்ற மென்பொருளில் பாகங்களை வரையும் வேலை பெரும்பாலும், ப்ராசஸருக்குள் கணக்கிடும் அலகான கோர் ஒன்றை மட்டும் நம்பியே நடக்கிறது. அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 14 கோர்களை 28 ஆக்குவதைவிட, இ5-2667 வி4 போல எட்டே கோர்களை 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓட்டும் ஒற்றைப் ப்ராசஸரை மாற்றிப் போடுவது கண்ணுக்குத் தெரியும் வேகத்தைத் தரும். வீடியோ எடிட்டிங்கிலும் அதே பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுவதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம். இதையெல்லாம் யோசித்த பிறகும் இரண்டாவது ப்ராசஸர் வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

மதர்போர்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ள வேண்டும்: மதர்போர்டின் முழுப் பெயர், அதன் ரிவிஷன் எண், இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸின் பதிப்பும் தேதியும், இப்போது முதல் சாக்கெட்டில் இருக்கும் ப்ராசஸரின் மாடல். விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெயின்போர்டு பக்கத்தில் முதல் மூன்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் டிஎம்ஐடிகோட் கட்டளையால் இவற்றைப் பெறலாம். ரிவிஷன் எண் மட்டும் சில நேரம் மென்பொருளில் தெரியாது. கேபினட்டைத் திறந்து, போர்டின் ஓரத்திலோ பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு இடையிலோ அச்சிட்டிருப்பதை டார்ச் வெளிச்சத்தில் படித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் கிடைத்ததும், அந்த போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதற்குரிய ப்ராசஸர் ஆதரவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ப்ராசஸருக்கும் நேராக, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படும் என்று அதில் குறித்திருப்பார்கள். பட்டியலில் மாடல் இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். பயாஸ் பதிப்புக்கான அந்தக் குறுகிய பத்தியைப் படிக்காமல் விட்டதால்தான் புதுப் ப்ராசஸரைப் போட்டும் டிஸ்ப்ளே வராமல் இயந்திரங்கள் கடைக்கு வருகின்றன. ப்ராசஸரை அடையாளம் கண்டு தொடங்கிவைக்கும் மைக்ரோகோடு பயாஸுக்குள்தான் இருக்கிறது; அது இல்லாத பயாஸுக்கு, சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் ப்ராசஸரும் முன்பின் தெரியாத ஆள்தான்.

சில இயந்திரங்களில் சிக்கல் பயாஸைப் புதுப்பித்தாலும் தீராது. நம் பக்கம் நிறையப் புழங்கும் எச்பி இசட்820, இசட்620 ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவற்றின் பயாஸுக்குள் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் பூட் பிளாக் தேதி என்று ஒரு வரி இருக்கும். அதில் 2013 என்று இருந்தால் இ5-2600 வி2 ப்ராசஸர்களைப் போடலாம். 2011 என்று இருந்தால் வழக்கமான பயாஸ் அப்டேட்டால் அந்தத் தேதி மாறாது. அந்த போர்டு முதல் தலைமுறை இ5 ப்ராசஸர்களோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு இயந்திரங்களும் ஒன்று போலவே இருக்கும், விற்பவருக்கும் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. ஆகவே இசட்820 வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இயந்திரத்தை ஓட விட்டு, எஃப்10 அழுத்தி, இந்த ஒரு வரியை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும்.

இசட்620, இசட்640 ஆகியவற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றின் இரண்டாவது சாக்கெட் மதர்போர்டில் இல்லை. தனக்கென்று ரேம் ஸ்லாட்டுகளும் விசிறியும் கொண்ட தனி ரைசர் போர்டில் இருக்கிறது. அந்த ரைசர் இல்லாமல் ப்ராசஸரை மட்டும் வாங்கி வந்தால் வைக்க இடமிருக்காது. இசட்620 ரைசர் டிடிஆர்3 ரேமுக்கானது, இசட்640 ரைசர் டிடிஆர்4 ரேமுக்கானது. ஒன்றை இன்னொன்றில் பயன்படுத்த முடியாது.

சாக்கெட்டும் தலைமுறையும்

பழைய சந்தையில் இன்று அதிகம் கைமாறுபவை இன்டெலின் இ5-2600 வரிசை ப்ராசஸர்கள். 2012இல் முதல் தலைமுறையும் 2013இல் வி2வும் வந்தன. இவை எல்ஜிஏ 2011 சாக்கெட்டையும் டிடிஆர்3 ரேமையும் சேர்ந்தவை. 2014இல் வந்த வி3யும் 2016இல் வந்த வி4உம் எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டையும் சி612 சிப்செட்டையும் டிடிஆர்4 ரேமையும் சேர்ந்தவை. இரண்டு சாக்கெட்டுகளுக்கும் பின்களின் எண்ணிக்கை 2011தான் என்றாலும் மின் இணைப்புகள் வேறு. ப்ராசஸர் ஓரத்தில் உள்ள வெட்டுகளின் இடமும் வேறு. 2011 என்ற எண்ணை மட்டும் பார்த்து வி2 போர்டுக்கு வி4 ப்ராசஸர் வாங்கினால் அது உள்ளேயே இறங்காது. இறங்கவில்லையே என்று அழுத்தினால் சாக்கெட் போய்விடும்.

ஒரே சாக்கெட்டுக்குள்ளும் தலைமுறைகளைக் கலக்க முடியாது. முதல் சாக்கெட்டில் இ5-2680 வி3, இரண்டாவதில் இ5-2680 வி4 என்று வைத்தால் எண் ஒன்றாகத் தெரிந்தாலும் முன்னது 12 கோர், பின்னது 14 கோர், உள்ளமைப்பே வேறு. பயாஸ் பிழையைக் காட்டி நின்றுவிடும், அல்லது ஒன்றும் காட்டாமலே நிற்கும்.

இதற்கு முந்தைய எல்ஜிஏ 1366 காலத்து ஜியான் 5500, 5600 வரிசைகளும் இன்னும் சில கடைகளில் கிடைக்கின்றன. வேலை செய்யும், ஆனால் அது இழுக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கும் வேகத்துக்கும் இன்று அதில் புதிதாகப் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து வந்த ஜியான் ஸ்கேலபிள் வரிசையில் எண்ணை வைத்தே தலைமுறையைச் சொல்லிவிடலாம். நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் தரத்தைக் குறிக்கும்: 3 என்றால் பிரான்ஸ், 4 என்றால் சில்வர், 5, 6 என்றால் கோல்டு, 8 என்றால் பிளாட்டினம். இரண்டாவது இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். 6130 முதல் தலைமுறை, 6230 இரண்டாம் தலைமுறை. இவை இரண்டும் எல்ஜிஏ 3647 சாக்கெட்டில் அமர்பவை. 6330 மூன்றாம் தலைமுறை, அதற்கு எல்ஜிஏ 4189 வேண்டும். 6430உம் 6530உம் எல்ஜிஏ 4677க்கு உரியவை. 2017இல் வாங்கிய 3647 போர்டில் 2019இல் வந்த இரண்டாம் தலைமுறைப் ப்ராசஸரைப் போடுவதற்கும் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏஎம்டியின் எபிக் ப்ராசஸர்களில் கடைசி இலக்கம் தலைமுறையைச் சொல்லும். 7001, 7002, 7003 வரிசைகள் மூன்றும் எஸ்பி3 சாக்கெட்டில் அமரும். ஆயினும் 2017இன் முதல் தலைமுறைக்காகச் செய்யப்பட்ட போர்டுகளில் சில, பயாஸ் சிப்பின் கொள்ளளவு போதாததால் பிந்திய தலைமுறைகளை ஏற்பதில்லை. போர்டின் ரிவிஷன் எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுதான். எபிக்கில் மறைவான பொறி ஒன்றும் உண்டு. சில பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கப்பட்டிருக்கும்; அப்படிப்பட்ட சர்வரில் ஒருமுறை ஓடிய ப்ராசஸர் அந்த நிறுவனத்தின் போர்டோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுவிடும். வேறு நிறுவனத்தின் போர்டில் அது எழாது, அதைத் திரும்ப விடுவிக்கவும் வழியில்லை. பழைய எபிக் வாங்கும்போது அது எந்த இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால், உங்கள் போர்டிலேயே ஓட்டிப் பார்த்து, ஓடாவிட்டால் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரட்டையாக ஓடக்கூடிய ப்ராசஸர் எது?

சாக்கெட், தலைமுறை, பயாஸ் மூன்றும் பொருந்தியும் இரட்டையாக ஓடாத ப்ராசஸர்கள் உண்டு. இரண்டு ப்ராசஸர்கள் ஒரே இயந்திரமாக இயங்க வேண்டுமானால் அவற்றுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் நேரடி இணைப்பு தேவை. இ5 காலத்தில் அதன் பெயர் க்யூபிஐ, ஸ்கேலபிள் காலத்தில் யூபிஐ. இந்த இணைப்பு இல்லாத ப்ராசஸர் அதே சாக்கெட்டில் அழகாக அமரும்; ஆனால் பக்கத்துச் சாக்கெட்டில் இன்னொருவர் இருப்பதே அதற்குத் தெரியாது.

இ5 வரிசையில் இதை எண்ணே சொல்லிவிடுகிறது. கோடுக்குப் பின் வரும் முதல் இலக்கம், அதிகபட்சம் எத்தனை ப்ராசஸர்கள் சேர்ந்து ஓடலாம் என்பதைக் காட்டும். இ5-1650 வி3 என்றால் தனியாக மட்டும். இ5-2650 வி3 என்றால் இரண்டு. இ5-4650 வி3 என்றால் நான்கு வரை. ஒற்றையில் வேகமாக ஓடும் 1650 வி3ஐ ஆசைப்பட்டு இரண்டாக வாங்கி வருபவர்கள் உண்டு. இரட்டைப் போர்டில் அவை ஜோடியாக ஓட வழியே இல்லை. அதே எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டுக்கு வந்த கோர் ஐ7 ப்ராசஸர்களுக்கும் இது பொருந்தும்.

ஸ்கேலபிள் வரிசையில் பிரான்சும் சில்வரும்கூட இரண்டு சாக்கெட்டில் ஓடும். ஆனால் எண்ணின் இறுதியில் 'யு' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், 6209யு, 6212யு போன்றவை ஒற்றைச் சாக்கெட்டுக்கு மட்டுமே. எபிக்கில் அதே வேலையை 'பி' என்ற எழுத்து செய்கிறது: 7402 இரட்டையாக ஓடும், 7402பி ஓடாது. விளம்பரங்களில் இந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டு எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. ஆகவே ப்ராசஸரின் மூடியைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூடியில் எழுதியிருப்பதைப் படித்தல்

நல்ல புகைப்படம் கையில் வந்ததும், வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்த வெள்ளி நிற மூடியில் உள்ள வரிகளை மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் நிறுவனப் பெயரும் ஜியான் என்ற பெயரும் இருக்கும். அடுத்து மாடல் எண், எடுத்துக்காட்டாக இ5-2680 வி4. அதற்கு அடுத்து ஐந்து எழுத்துகள் கொண்ட குறியீடும் வேகமும் இருக்கும்: எஸ்ஆர்2என்7, 2.40 கிகாஹெர்ட்ஸ் என்பது போல. இந்த ஐந்தெழுத்துக் குறியீட்டைத்தான் எஸ்-ஸ்பெக் என்கிறார்கள். மாடல் எண்ணைவிட முக்கியமானது இது. ஏனென்றால் ஒரே மாடலுக்குள் எந்த ஸ்டெப்பிங், அதாவது எத்தனையாவது திருத்தம் என்பதை இதுவே சொல்கிறது. முதல் தலைமுறை இ5-2670இல் எஸ்ஆர்0எச்8 என்பது சி1 ஸ்டெப்பிங், எஸ்ஆர்0கேஎக்ஸ் என்பது சி2 ஸ்டெப்பிங். மாடல் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் ஒன்றல்ல.

எஸ்-ஸ்பெக் 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கினாலோ, மூடியில் மாடல் எண்ணுக்குப் பதிலாக இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று இருந்தாலோ அது விற்பனைக்கு வந்த ப்ராசஸர் அல்ல. சோதனைக்காகத் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த மாதிரி. விலை குறைவாக இருக்கும், சில போர்டுகளில் ஓடவும் ஓடும். ஆனால் பயாஸைப் புதுப்பித்த பிறகு அது நின்றுபோனால் கேட்க நாதியில்லை. வேலைக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் இதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

இப்போது ஜோடி சேர்க்கும் கேள்விக்கு வருவோம். ஏற்கெனவே இருக்கும் ப்ராசஸருக்கு மிகச் சரியான துணை அதே மாடல், அதே எஸ்-ஸ்பெக். இது கிடைக்கும்போது வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. ஸ்டெப்பிங் மட்டும் மாறினால் சில போர்டுகள் ஏற்கும், சில ஏற்காது. போர்டின் கையேட்டில் இதற்கு ஒரு வரி எழுதியிருப்பார்கள். கோர்களின் எண்ணிக்கை, கேஷ் எனும் உள் நினைவகத்தின் அளவு, க்யூபிஐ வேகம் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் அந்த ஜோடியை மறந்துவிடலாம். இ5-2620 வி4இன் க்யூபிஐ வேகம் நொடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர்; 2680 வி4க்கு 9.6.

இவற்றுக்கு நடுவில் ஒரு மங்கலான பகுதியும் உண்டு. 2680 வி4, 2690 வி4 இரண்டும் 14 கோர், 35 எம்பி கேஷ், 9.6 க்யூபிஐ, வேறுபாடு 2.4, 2.6 என்ற கடிகார வேகத்திலும் 120, 135 வாட் என்ற வெப்ப அளவிலும்தான். சில போர்டுகள் இந்த ஜோடியை ஏற்று, குறைந்த வேகத்துக்கு இரண்டையும் இறக்கி ஓட்டும். சில மறுத்துவிடும். ஓடினாலும், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 2690இன் வேகம் பயன்படாமல் போகும் என்பதால் இதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரே குறியீடுள்ள இரண்டு ப்ராசஸர்களைப் புதிதாக வாங்கிவிட்டு, இருப்பதை விற்றுவிடுவது பல நேரம் குறைந்த தொந்தரவு.

வாட், ஹீட்சிங்க், யுபிஎஸ்

போர்டு தாங்கும் அதிகபட்ச வாட் அளவையும் ஆதரவுப் பட்டியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இ5-2687டபிள்யூ வி4 160 வாட் ப்ராசஸர். மெலிந்த ரேக் சர்வர் போர்டுகள் பல இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கை வாங்கும்போது எல்ஜிஏ 2011, 2011-3 சாக்கெட்டுகளில் இரண்டு அமைப்புகள் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள்: சதுர அமைப்பில் திருகுத் துளைகள் 80 மி.மீ. இடைவெளியில் நான்கு பக்கமும் சமமாக இருக்கும். குறுகிய அமைப்பில் 56 மி.மீ.க்கு 94 மி.மீ. என்று நீள்சதுரமாக இருக்கும். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுப் போனால் ஓசூரிலிருந்து எஸ்பி ரோட்டுக்கு இரண்டாவது தடவை பஸ் ஏற வேண்டியிருக்காது. நிறுவன ஒர்க்ஸ்டேஷன்களில் ஹீட்சிங்கும் விசிறி இணைப்பும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருப்பதால் அதே மாடலுக்கானதையே தேட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனி எட்டு-பின் மின் இணைப்பு வர வேண்டும். 120 வாட் ப்ராசஸர்கள் இரண்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று என்று வைத்தால், வீட்டுக் கணினிக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ், சுமார் 360 வாட் மட்டுமே தாங்குவது, முழுச் சுமையில் கைவிட்டுவிடும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் ஆலைகளுக்கு அருகில் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள், இரண்டாவது ஹீட்சிங்கைப் பொருத்துவதற்கு முன் முதலாவதன் தகடுகளுக்கு இடையே படிந்திருக்கும் வெள்ளைத் தூளை ஊதி எடுத்துவிட வேண்டும். பல போர்டுகளில் முன் விசிறியின் காற்று ஒரு ஹீட்சிங்கைக் கடந்துதான் மற்றதை அடைகிறது; முன்னது அடைத்திருந்தால் பின்னதுதான் சூடாகும்.

பொருத்தும் முறை

முதல் வேலை பயாஸ். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைத் தேவையான பதிப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு டிஸ்ப்ளே வராவிட்டால் புதுப்பிக்க வழியிருக்காது. தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்கான தனிச் சிப்பான பிஎம்சி உள்ள சர்வர் போர்டுகள் சிலவற்றில் மட்டும் ப்ராசஸர் இல்லாமலே இதைச் செய்யலாம். பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் போனால் போர்டே முடங்கக்கூடும். ஆகவே யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் செய்யாதீர்கள்.

அடுத்து, வாங்கி வந்த ப்ராசஸரை நேரடியாக இரண்டாவது சாக்கெட்டில் வைக்காமல், முதல் சாக்கெட்டில் தனியாக வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒற்றைப் ப்ராசஸரோடு ஓடும்போது அது முதல் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். இரண்டாவதில் மட்டும் வைத்தால் இயந்திரம் எழாது. தனியாக ஓடிவிட்டால் ப்ராசஸர் நல்லது, பயாஸ் அதை அறியும் என்ற இரண்டும் உறுதியாகிவிடும். பிறகு ஜோடியில் சிக்கல் வந்தால் தேட வேண்டிய இடம் இரண்டாவது சாக்கெட்டும் ஜோடிப் பொருத்தமும் மட்டுமே.

இரண்டாவது சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்ததும் உடனே ப்ராசஸரை வைத்துவிடாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, பின்களின் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பாருங்கள். சரியான பின்கள் எல்லாம் ஒரே கோணத்தில் சாய்ந்து ஒரே மாதிரி மின்னும். வளைந்த பின் இருக்கும் இடத்தில் அந்த மின்னல் உடையும். டார்ச்சை மறுபக்கம் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். ஆண்டுக்கணக்கில் காலியாக இருந்த சாக்கெட்டில், மூடி இல்லாமல் கைமாறியிருந்தால், வளைந்த பின்னை எதிர்பார்த்தே பார்க்க வேண்டும்.

ப்ராசஸரின் மூலையில் உள்ள தங்க நிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணக் குறியோடு பொருத்தி, ஓரங்களை மட்டும் பிடித்து நேர் கீழாக இறக்க வேண்டும். சறுக்கி நகர்த்தக் கூடாது. எல்ஜிஏ 2011இல் நெம்புகோல்கள் இரண்டு; அவற்றை மூடும் வரிசை சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எல்ஜிஏ 3647இல் ப்ராசஸரை முதலில் பிளாஸ்டிக் கிளிப் வழியாக ஹீட்சிங்கில் மாட்டி, இரண்டையும் ஒன்றாகச் சாக்கெட்டில் இறக்குவார்கள். எபிக்கில் மூன்று திருகுகளையும் 1, 2, 3 என்று எண்ணிட்ட வரிசையிலேயே முடுக்க வேண்டும். ஏறுமாறாக முடுக்கினால் ஒரு பக்கம் தொடர்பு விட்டுப்போய், ஏதோ ஒரு ரேம் ஸ்லாட் மட்டும் தெரியாமல் இருக்கும். ரேம் கெட்டுவிட்டது என்று எண்ணி ரேமை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ப்ராசஸர் போட்ட பிறகு ஒரு ஸ்லாட் காணாமல் போனால், கழற்றிப் பின்களைப் பார்த்து, மீண்டும் முறையாக முடுக்குவதே முதல் வேலை.

ரேமைப் பிரித்து வைத்தல்

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனி ரேம் ஸ்லாட்டுகளும் தனி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகளும் உண்டு. இரண்டாவது சாக்கெட் காலியாக இருக்கும் வரை அதனோடு சேர்ந்த ஸ்லாட்டுகள் உயிரற்றவை. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு ஸ்லாட்டில் ஓடி இன்னொன்றில் ஓடாததற்கு இதுவே வழக்கமான காரணம்.

இ5-2600 ப்ராசஸர் ஒவ்வொன்றுக்கும் நான்கு ரேம் சேனல்கள், அதாவது ரேமோடு தரவு பரிமாறும் பாதைகள். இரண்டு ப்ராசஸருக்கு எட்டு. ஆகவே 64 ஜிபி வேண்டுமானால் 32 ஜிபி குச்சிகள் இரண்டைவிட 8 ஜிபி குச்சிகள் எட்டு நல்லது. ஒவ்வொரு பக்கமும் நான்கு, போர்டில் குறித்துள்ள முதல் ஸ்லாட்டுகளில். எல்லா ரேமையும் முதல் ப்ராசஸர் பக்கமே விட்டுவிட்டால் இயந்திரம் எழலாம். ஆனால் இரண்டாவது ப்ராசஸர் ஒவ்வொரு தரவுக்கும் க்யூபிஐ வழியாக அடுத்த பக்கம் போய் வர வேண்டியிருப்பதால், போட்ட பணத்தின் பெரும்பகுதி அந்தப் பாதையிலேயே கரைந்துவிடும். சர்வர்களுக்கான ரிஜிஸ்டர்டு ரேமையும் சாதாரண ரேமையும் கலக்கக் கூடாது. ரிஜிஸ்டர்டு ரேமையும் லோடு ரெட்யூஸ்டு ரேமையும்கூடக் கலக்கக் கூடாது. குச்சியின் வேகம் எதுவாக இருந்தாலும் வி3 ப்ராசஸர் அதிகபட்சம் 2133இலும் வி4 2400இலும்தான் அதை ஓட்டும்.

ஓட விட்ட பிறகு

பயாஸில் இரண்டு ப்ராசஸர்களும் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு விண்டோஸுக்குள் போய், டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சாக்கெட்ஸ் என்ற வரியைப் பாருங்கள். பயாஸில் இரண்டு, அங்கே ஒன்று என்று இருந்தால், பழுது ப்ராசஸரில் இல்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்தும். இரண்டுக்கு ப்ரோ வேண்டும். இ5 ப்ராசஸர்கள் எவையும் விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வ ஆதரவுப் பட்டியலில் இல்லை என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

லினக்ஸில் எல்எஸ்சிபியு என்று தட்டினால் சாக்கெட் எண்ணிக்கையும் நூமா நோடு (ப்ராசஸரும் அதன் பக்கத்து ரேமும் சேர்ந்த தொகுதி) எண்ணிக்கையும் வரும். இரண்டும் 2 என்று வருவது இயல்பு. கோர்கள் அதிகமுள்ள வி3, வி4 ப்ராசஸர்களில் ஒரு ப்ராசஸரை இரண்டு நோடாகப் பிரித்துக் காட்டும் கிளஸ்டர் ஆன் டை என்ற வசதி பயாஸில் இயக்கப்பட்டிருந்தால் நோடு 4 என்று காட்டும். அது பிழை அல்ல.

பிறகு இரண்டு ப்ராசஸருக்கும் முழுச் சுமை கொடுத்து ஒரு மணி நேரம் ஓட விட்டு, வெப்பநிலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று பின்னால் பெறும் ப்ராசஸர் சில டிகிரி கூடுதலாக இருப்பது சகஜம். இருபது டிகிரி வேறுபாடு என்றால் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை, அல்லது ஹீட்சிங்கின் ஒரு திருகு முழுதாக இறங்கவில்லை. இந்தச் சோதனையை ஓட்டிப் பார்க்க விற்பவர் தரும் டெஸ்டிங் வாரண்டி முடிவதற்குள் செய்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மாடல், எஸ்-ஸ்பெக், பயாஸ் பதிப்பு, பொருத்திய தேதி ஆகியவற்றை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, கேபினட்டின் பக்கக் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை ஹீட்சிங்கைக் கழற்றாமலே துணைப் ப்ராசஸர் தேட அது போதும்.